“பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க!”

வாசகர் கேள்வி – பதில்

உடம்பெல்லாம் ஓயாத வலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. ஃபைப்ரோமயால்ஜியா பற்றிச் சென்ற இதழில் வந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு, நீலகிரி மலையிலிருந்தே நிறையக் கடிதங்கள் வந்தன. பதில் சொல்பவர் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட். அவருக்கும் இதே நோய்.

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. பள்ளி அலுவலகத்தில் வேலை. இரண்டு வருஷமாகக் கழுத்து, தோள்பட்டை, இடுப்பு, தொடை என்று மாறி மாறி வலி. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எல்லாம் நார்மல். கோவையில் ஒரு டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்று எழுதிக் கொடுத்தார். வீட்டில், “ஒண்ணும் இல்லைன்னுதானே ரிப்போர்ட்டு சொல்லுது” என்கிறார்கள். உண்மையிலேயே ஒன்றும் இல்லையா? – வாசகி, குன்னூர்

பதில்: இருக்கிறது, தங்கச்சி. ரிப்போர்ட்டில் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க. ஆர்.ஏ. ஃபேக்டர் முடக்குவாதத்துக்கு. தைராய்டு, வைட்டமின் டி, ஹீமோகுளோபின் இவற்றில் கோளாறு இருந்தாலும் உடம்பு இப்படித்தான் அசந்து வலிக்கும், அதனால் அவற்றையும் பார்த்திருப்பார்கள். எல்லாம் நார்மல் என்றால் அந்த நோய்கள் பெரும்பாலும் இல்லை என்று பொருள். வலி இல்லை என்று யாரும் எழுதித் தரவில்லையே!

நம் சிக்கல் தசையிலோ மூட்டிலோ இல்லை. வலிச் செய்தியைக் கொண்டுபோகும் தண்டுவடமும் அதை வாங்கிக்கொள்ளும் மூளையும் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டன. திருவிழாவில் மைக் செட்காரர் வால்யூமை முழுக்கத் திருகி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால், பூசாரி தொண்டையைக் கனைப்பதுகூட ஊர் முழுக்கக் கேட்கும் இல்லையா, அப்படி. பிள்ளை ஓடி வந்து தோளைக் கட்டிக்கொண்டால் வலிக்கிறது. பாவாடை நாடா இறுக்கினால் வலிக்கிறது. மிக்ஸி சத்தமும் டியூப் லைட் வெளிச்சமும்கூடச் சில நாள் தாங்குவதில்லை.

முன்பு, 1990-இல் வகுத்த விதிப்படி, உடம்பில் 18 புள்ளிகளைக் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு, அதாவது சுமார் 4 கிலோ எடைக்கு அழுத்திப் பார்ப்பார்கள். 11 இடத்திலாவது வலித்தால்தான் இந்த நோய் என்பார்கள். 2010-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அந்த முறையை மாற்றினார்கள். இப்போது 19 பகுதிகளில் எங்கெங்கே வலி, தூங்கி எழுந்தால் களைப்பு போகிறதா, ஞாபகம் எப்படி, மூன்று மாதமாக இப்படியே இருக்கிறதா என்று கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அதாவது நீங்கள் வாய்விட்டுச் சொல்வதுதான் இங்கே டெஸ்ட். உங்களை உட்காரவைத்துப் பேசவிட்டு எழுதிக் கொடுத்த டாக்டரை விட்டுவிடாதீர்கள்.

வீட்டாரிடம் இதையும் சொல்லுங்கள்: இந்த நோயால் மூட்டு தேயாது, விரல் கோணாது, உயிருக்கும் ஆபத்தில்லை. ஆனால் மூட்டு வீங்கிச் சிவந்தால், காய்ச்சல் விடாமல் அடித்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், கை கால் பலம் இழந்தால், “இதுவும் அந்த வலிதான்” என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நமக்கும் புதிதாக வேறு நோய் வரலாம்.

கேள்வி: எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை. அம்மாவுக்கு 52 வயது, இந்த நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் விடிந்ததிலிருந்து கொழுந்து வாங்கும் ஏஜெண்ட் வண்டி வரும்வரை நிற்காமல் கொழுந்து பறிப்பார். அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க மாட்டார். கேட்டால், “முடியறப்பவே முடிச்சிடணும்” என்கிறார். எப்படிப் புரியவைப்பது? – கட்டபெட்டு அருகே ஒரு கிராமத்திலிருந்து மகள்

பதில்: உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் நன்றாகத் தெரியும். இந்த மலையில் பாதிப் பெண்கள் அவர்தான்.

“முடியறப்பவே முடிச்சிடணும்” என்பது சாதாரண உடம்புக்குச் சரி. நம் உடம்பில் வலி தாமதமாக வரும். பறித்துக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது, மறுநாள் காலைதான் கணக்குத் தீர்க்கும். அதனால் வலி வந்ததும் நிறுத்தலாம் என்று காத்திருந்தால், நிறுத்த வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருக்கும். நிறுத்தச் சொல்ல வேண்டியது கடிகாரம், வலி இல்லை. இந்தப் பத்தியில் வேறு எதையும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப நல்ல நாளும் இல்லாமல் ரொம்ப மோசமும் இல்லாமல் நடுவாந்தரமான ஒரு நாளில், எவ்வளவு நேரம் பறித்தால் மறுநாள் தண்டனை இல்லை என்று பாருங்கள். 30 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். 20-இல் ஆரம்பியுங்கள். போனில் அலாரம். அடித்ததும் வரப்பில் உட்கார வேண்டும், 10 நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் விறகு பொறுக்குவது, பக்கத்துத் தோட்டத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டே களை பிடுங்குவதெல்லாம் ஓய்வு ஆகாது. பிறகு மறுபடி 20. இப்படி இரண்டு வாரம் பிரச்சினை இல்லாமல் போனால் 22 ஆக்கலாம். நல்ல நாளிலும் 20 நிமிஷம்தான். மோசமான நாளிலும், பாதியாவது. நல்ல நாளில் நிறுத்துவதுதான் கஷ்டம். கை சும்மா இருக்காது, எதிரே தளதளவென்று கொழுந்து நிற்கும். அங்கேதான் மகள் வேண்டும்.

பறிக்கிற விதத்தையும் கவனியுங்கள். பை நிறையும்வரை தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம், பாதி ஆனதும் சாக்கில் கொட்டிவிடட்டும். காலைப் பனியில் நனைந்த இலை கனக்கும், இடுப்பில் கட்டிய படுதாவும் நனைந்து கால் விறைக்கும். வெயில் கொஞ்சம் ஏறி இலை காய்ந்தபின் இறங்கினால் போதும். சரிவில் மேலும் கீழுமாகப் போகாமல் ஒரே மட்டத்தில் குறுக்கே நகர்வது நல்லது. தோளுக்கு மேல் கை போகும் அளவுக்குச் செடி வளர்ந்திருந்தால் அந்த வரிசையை உங்களுக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். கத்தரி வைத்து வெட்டுவது சீக்கிரம் முடியும் என்று அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அதன் கனத்தையும் வெட்டுகிற அதிர்வையும் மணிக்கட்டும் முழங்கையும் தோளும் வாங்கும். கத்தரி உங்கள் கைக்கு, விரல் பறிப்பு அவருக்கு.

கொழுந்தை அன்றன்றைக்கே கொடுத்தாக வேண்டும், தெரியும். தோட்டத்தை நாலு பங்காகப் பிரித்து நாலு நாளில் சுற்றி வந்தால் ஏஜெண்ட் சிறு எடையை எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு மாற்றாள் பேசிக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்தில் அவர்கள் ஒரு நாள், அவர்கள் தோட்டத்தில் அம்மாவுக்குப் பதில் நீங்கள் ஒரு நாள். சொந்தத் தோட்டம் என்பதால் இந்த வசதியாவது இருக்கிறது. எடைக்குக் கூலி வாங்கும் எஸ்டேட் பெண்களிடம் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை உட்காருங்கள் என்று சொல்ல எனக்கே வாய் வருவதில்லை. அவர்கள் குறைந்தபட்சம் பையைப் பாதியில் கொட்டுவதையும், சாப்பாட்டு நேரத்தில் காலை நீட்டிப் படுப்பதையும் விடாமல் செய்யலாம்.

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க ஏற்பாடு உண்டு. எழுந்திருக்கவே முடியாத நாட்கள் அதிகம் என்றால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆண்களுக்கு இது வராது என்று நண்பர் சொல்கிறார். எனக்கு வந்திருக்கிறதே? – வெலிங்டன்

பதில்: வந்தபின் என்ன சந்தேகம் தம்பி? பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் உண்டு. “ஆம்பளை வலிக்குதுன்னு சொல்றதா” என்று வாயை மூடிக்கொண்டிருப்பதால் உங்கள் எண்ணிக்கை இன்னும் குறைவாகத் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம். குறட்டை பலமாக இருந்தால் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும் இதே அசதியைத் தரும், அதற்கு வேறு வைத்தியம்.

கேள்வி: ஊட்டியில் பிறந்து வளர்ந்தவள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் காலையில் விரல்கூட மடங்குவதில்லை. மேட்டுப்பாளையத்துக்கே குடி போய்விடலாமா என்று யோசிக்கிறோம். – ஃபிங்கர் போஸ்ட், ஊட்டி

பதில்: அவசரப்பட்டு வீட்டைக் காலி பண்ணாதீர்கள். குளிருக்கும் இந்த வலிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. நம்மில் பலருக்குக் குளிரில் கூடுகிறது என்பது உண்மை. சமவெளியில் மே மாத வெக்கையில் தூக்கம் கெட்டு வலி கூடியவர்களும் எனக்குத் தெரிந்து உண்டு. போவதானால் முதலில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு குளிர்மாதமும் ஒரு கோடைமாதமும் இருந்து பாருங்கள். பழகிய டாக்டர், பழகிய அண்டை வீட்டார், இதெல்லாம் கீழே போய்க் காசு கொடுத்தால் கிடைக்காது.

காலை விறைப்பைப் படுக்கையிலேயே தீர்த்துவிட்டு இறங்க வேண்டும். ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா மூன்றையும் ராத்திரி கம்பளிக்கு உள்ளேயே வைத்துக்கொண்டு தூங்குங்கள். காலையில் அவை உடம்புச் சூட்டில் இருக்கும். கம்பளிக்குள் இருந்தபடியே கணுக்காலைச் சுழற்றுங்கள், முழங்காலை மடக்கி நீட்டுங்கள், விரல்களை மூடித் திறங்கள். அவசரம் வேண்டாம். பிறகுதான் தரையில் கால். நான் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பேன். அந்த முதல் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதே பாதி வைத்தியம்.

குளியலை விடியற்காலையில் வைக்காதீர்கள். பதினொரு மணிக்குமேல், கொஞ்சம் வெயில் வந்தபிறகு. ஹாட் வாட்டர் பேக் நல்லது. துண்டில் சுற்றி 15, 20 நிமிஷம். அதைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போய்த் தோல் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கரி கணப்பை மூடிய அறைக்குள் வைத்துப் படுக்கவே படுக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, எழுப்பாது.

குளிரைவிட என்னைப் படுத்துவது மழைக்காலத்துத் துணி. உங்களுக்கு ஜூன், ஜூலை, எங்கள் பக்கம் அக்டோபர், நவம்பர். தோய்த்ததை முறுக்கிப் பிழிகிறோமே, அந்த முறுக்கல் முன்கைக்கு ஆகாது. போர்வையைக் கொடியிலோ குழாயிலோ போட்டுத் தண்ணீர் தானாக வடியட்டும். அரை வாளித் துணிக்குமேல் ஒரே நாளில் நனைக்காதீர்கள்.

கேள்வி: தைலம் தேய்க்கலாமா? யூகலிப்டஸ், விண்டர்கிரீன் இரண்டும் வீட்டில் இருக்கிறது. – கூடலூர்

பதில்: தைலம் காய்ச்சும் ஊரில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். தேய்க்கலாம். தோலில் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறித் தெரியும்போது வலி கொஞ்சம் பின்வாங்கும். எனக்கு அந்த வாசனையே பிடிக்கும். நோயை அது தொடாது, அன்றைய மாலைப் பொழுதைக் கடக்க உதவும்.

விண்டர்கிரீனில் மட்டும் எச்சரிக்கை. அதில் இருப்பது பெரும்பாலும் மீதைல் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தேய்த்தால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு, டாக்டரைக் கேட்காமல் கூடாது. தேய்த்த இடத்தின்மேல் ஹாட் வாட்டர் பேக் வைக்காதீர்கள்; தோல் வெந்துவிடும், மருந்தும் அதிகமாக உள்ளே இறங்கும். 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் எண்ணெயில், ஏறக்குறைய இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமமான சரக்கு இருக்கிறது. சிறு குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. பாட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும், சாமி மாடத்தில் வேண்டாம்.

கேள்வி: என் மனைவிக்கு இந்த நோய். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் எரிச்சல்படுகிறாள். கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்கிறாள். நான் என்னதான் செய்வது? – கொடைக்கானல்

பதில்: பாவம், நீங்கள் எழுதியதே பெரிது. எனக்கு வந்த கடிதங்களில் கணவர் எழுதியது இது ஒன்றுதான்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்திருக்கும். அதற்குப் பதில் “இன்னைக்கு எதை நான் பார்க்கட்டும்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன நேரத்தில் செய்யுங்கள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் விட்ட பாத்திரத்தை மத்தியானமே அவர் கழுவியிருப்பார். அந்த ஆத்திரம்தான் உங்கள்மேல் விழுகிறது.

சமையலறைக்குள் ஒரு நாள் நின்று பாருங்கள், எது கையைக் கொல்கிறது என்று தெரியும். தேங்காய் துருவுவது. அதை ஞாயிற்றுக்கிழமை நீங்கள் துருவிச் சின்ன டப்பாக்களில் பிரீசரில் போட்டுவிடலாம். மாவாட்டும் கல்லைத் தூக்கிக் கழுவுவது, அதுவும் உங்களுடையது, அல்லது கவிழ்க்கும் வகை கிரைண்டர். 5 லிட்டர் குக்கரில் சோறு வடித்துத் தூக்குவதற்குப் பதில் 3 லிட்டர் குக்கரை இரண்டு தடவை வைக்கலாம். தினம் எடுக்கும் டப்பாக்கள் இடுப்பு உயரத் தட்டில் இருக்கட்டும். கீழே குனிந்தும் எம்பி நின்றும் எடுக்கிற இடத்தில் தீபாவளிப் பாத்திரங்களை வையுங்கள். பாட்டில் மூடிகளை இறுக்கி மூடும் கை உங்களுடையதாகத்தான் இருக்கும், கொஞ்சம் லேசாக மூடுங்கள். முக்கியமாக, அடுப்படியில் உயரமான ஒரு ஸ்டூல். என் மாமியார் காலத்தில் பெண் உட்கார்ந்து சமைத்தால் சோம்பேறி என்பார்கள். அவரும் அரிவாள்மனையில் உட்கார்ந்துதான் காய் நறுக்கினார், அது மட்டும் கணக்கில் வராது!

விருந்தாளி வந்து, “பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க” என்று அவரிடம் சொல்வார் பாருங்கள், அந்த இடத்தில் நீங்கள் பேசுங்கள். “வெளியே தெரியாதுங்க, ஆனா இருக்கு. நான் காபி போடறேன்” என்றால் போதும். விளக்கம் சொல்லும் வேலையை நோயாளியின் தலையிலேயே கட்டாதீர்கள்.

கேள்வி: வலிக்காகப் போனால் டாக்டர் மனச்சோர்வு மாத்திரை எழுதியிருக்கிறார் என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னார்கள். எனக்கு மனநோய் என்று நினைத்துவிட்டாரா? – அரவேணு

பதில்: இல்லை அம்மா. அமிட்ரிப்டிலின், டியூலாக்ஸடின் இரண்டும் மனச்சோர்வுக்கு வந்த மருந்துகள்தான். வலியை அடக்கும் நரம்புப் பாதைக்கும் உதவுகின்றன என்று பிறகு தெரிந்தது. அமிட்ரிப்டிலினை இதற்கு ராத்திரியில் 10 மில்லிகிராம் போல மிகக் குறைவாகத்தான் ஆரம்பிப்பார்கள். வலிப்பு நோய்க்குப் பயன்பட்ட ப்ரீகாபலினை 2007-இலும், டியூலாக்ஸடினை 2008-இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்றே அனுமதித்தது. எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு நல்ல குணம், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சில வாரமாவது பார்க்க வேண்டும்.

வாய் உலரும், காலையில் மப்பாக இருக்கும், ப்ரீகாபலினில் தலைசுற்றலும் எடை கூடுவதும் உண்டு. மாத்திரை பழகும்வரை கொண்டை ஊசி வளைவில் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். இவற்றை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம், டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். டைக்லோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளைத் தினமும் போடுவதுதான் வீண்: அழற்சியே இல்லாத வலியில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை, வயிறும் சிறுநீரகமும்தான் கெடும்.

மனம் தளர்ந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். வருஷக்கணக்கில் வலித்தால் யாருக்குத்தான் தளராது? 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது.

கேள்வி: நடக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீடு ரோட்டிலிருந்து நிறையப் படி கீழே. ஒரு முறை ஏறி இறங்கினாலே இரண்டு நாள் தொடை வலிக்கிறது. – குன்னூர்

பதில்: நடக்கச் சொன்னது சரி. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் அமைப்பு 2016-இல் எல்லாச் சிகிச்சைகளையும் அலசிப் பார்த்து, உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். மருந்துக்குக்கூட அவ்வளவு அழுத்தம் கொடுக்கவில்லை. ஆனால் மலையில் எங்கே நடப்பது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ஏறுவதில் மூச்சு வாங்கும். தொடை வலிப்பது இறங்குவதால். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. நல்ல உடம்புக்கே அது ஒன்றிரண்டு நாள் வலியைத் தரும், நமக்கு ஊதிப் பெரிதாகும். அதனால் படியைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது செலவு. ரோட்டுக்கு வர வேண்டியிருக்கிற நாளில் மட்டும் ஏறி, எல்லா வேலையையும் ஒரே தடவையில் முடித்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக இறங்குங்கள். பாலும் காய்கறியும் மேலேயே ஒரு கடையில் வாங்கி வைக்கச் சொல்லி, பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போது எடுத்துவரட்டும்.

நடைப்பயிற்சி வீட்டுக்குள், கூடத்திலிருந்து அடுப்படி வரை, அல்லது வாசல் மட்டத்தில். 5 நிமிஷம். சிரிக்காதீர்கள், 5 நிமிஷம்தான். அது தண்டனையில்லாமல் நடந்தால் வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டுங்கள். பள்ளி மைதானம், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போன்ற சமதளம் கிடைத்தால் யோகம். கோவைக்கு டாக்டரைப் பார்க்கப் போகிற நாளில் நடையே வேண்டாம். பர்லியார் வழியாக 14 கொண்டை ஊசியிலும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை நிறுத்திவைப்பதே ஒரு நாள் வேலை. பஸ்ஸின் நடுப்பகுதியில், சக்கரத்தின்மேல் இல்லாத சீட்டாகப் பார்த்து உட்காருங்கள், கழுத்துக்குச் சால்வையைச் சுருட்டி வையுங்கள், மறுநாளைக் காலியாக வையுங்கள்.

கேள்வி: பால் காய்ச்ச வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனால் அடுப்பே மறந்துவிடுகிறது. பேச்சில் பாதி வார்த்தை வருவதில்லை. மறதி நோயா? – கோத்தகிரி

பதில்: இந்த நோயிலேயே அது ஒரு பங்கு. தூக்கம் சரியில்லாத நாளில் கூடும், தூங்கி எழுந்த நாளில் குறையும். ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இதுதான். வழி தெரியாமல் நிற்பது, பழகிய ஆளைத் தெரியாமல் போவது என்று ஆனால் டாக்டரிடம் போங்கள். அடுப்பை மூட்டினால் அடுப்படியை விட்டு நகராமல் அந்த ஸ்டூலில் உட்காருங்கள், அல்லது அலாரம் வைத்த போன் சேலை முந்தானையில் இருக்கட்டும். மாத்திரைக்கு ஞாயிறு முதல் சனி வரை கட்டம் போட்ட டப்பா வாங்குங்கள்; போட்டேனா இல்லையா என்று குழம்பி இரண்டு தடவை போடுவதுதான் நிஜமான ஆபத்து.

கேள்வி: நாங்கள் படுகர். ஹெத்தையம்மன் பண்டிகை வருகிறது. வீடு கழுவுவதிலிருந்து சொந்தக்காரர்களுக்குச் சமைப்பதுவரை எல்லாம் என் தலையில். போன வருஷம் பண்டிகை முடிந்து இரண்டு வாரம் படுத்துவிட்டேன். இந்த வருஷம் ஒதுங்கிவிடவா? – கோத்தகிரி அருகே ஒரு ஹட்டி (படுகர் கிராமம்)

பதில்: ஒதுங்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் வெள்ளை உடுத்திக் கூடுகிற நாளில் நீங்கள் மட்டும் உள்ளறையில் படுத்திருந்தால் வலியோடு துக்கமும் சேரும். பண்டிகையில் உங்களுக்கு எது முக்கியம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கோயிலுக்குப் போவதா, உறவுகளோடு உட்கார்ந்து பேசுவதா, உங்கள் கைச் சமையலா. அந்த ஒன்றுக்கு உடம்பைச் சேர்த்து வையுங்கள், மற்றதை வெட்கப்படாமல் பங்கு போடுங்கள்.

வீடு கழுவுவதை இன்றைக்கே ஆரம்பியுங்கள், ஒரு நாளுக்கு ஒரு அறை, அதுவும் அலாரம் வைத்து. பரணில் இருப்பதைப் பிள்ளைகள் இறக்கட்டும். அவரையை உட்கார்ந்து உரிப்பது உங்கள் வேலை, கொதிக்கும் பாத்திரத்தை இறக்குவது வேறு யாருடைய வேலையாவது. “அவங்க கைப்பக்குவம் வராது” என்று உள்ளே போய் நிற்காதீர்கள், கொஞ்சம் உப்புக் குறைந்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். நடந்து போகிறவர்கள் போகட்டும், நீங்கள் ஜீப்பில் போய் முன்னாலேயே இறங்கி உட்கார்ந்திருங்கள். பனிக்கால ராத்திரி என்பதால் வெள்ளைச் சேலைக்கு உள்ளே வெள்ளை பனியனும் பேண்டும், யாருக்கும் தெரியாது. பண்டிகைக்கு அடுத்த இரண்டு நாளைக்கு யாரையும் விருந்துக்குக் கூப்பிடாதீர்கள், நீங்களும் போகாதீர்கள். சோறும் ரசமும் போதும்.

கேள்வி: இதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா? – பெயர் வேண்டாம்

பதில்: இந்த நோயின் பெயரில் கிடைக்காது. 2016-ஆம் வருஷச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது, அதில் ஃபைப்ரோமயால்ஜியா இல்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஏஜெண்ட் யாராவது “வாங்கித் தருகிறேன்” என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அலுவலகத்தில் நிற்கும் வேலையை மாற்றி உட்காரும் வேலை கேட்க, சிகிச்சை பார்க்கும் டாக்டரின் கடிதமே பல இடங்களில் போதும். கடிதத்தில் நோயின் பெயரோடு நிறுத்தாமல், “அரை மணிக்கு ஒருமுறை உட்கார அனுமதிக்க வேண்டும், 3 கிலோவுக்குமேல் தூக்கக் கூடாது” என்கிற மாதிரி காரியத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: 21 நாளில் முற்றிலும் குணம் என்று ஒரு சூரணம் வீடியோவில் விற்கிறார்கள். வாங்கிச் சாப்பிட ஆரம்பித்து ஒரு மாதமாக வலி அதிசயமாகக் குறைந்திருக்கிறது. முகம் மட்டும் உப்பியிருக்கிறது. தொடரலாமா? – எடப்பள்ளி

பதில்: நீங்கள் அனுப்பிய டப்பாவின் படத்தைப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. வலி சட்டென்று குறைந்து முகமும் உப்புகிறது என்றால் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்றுதான் எனக்குச் சந்தேகம். இப்படிப்பட்ட பொடிகளில் கலப்பது நடக்கிற விஷயம்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் இன்றே பாருங்கள். பயந்து போய் நாளைக்கே நிறுத்திவிடவும் வேண்டாம். ஸ்டீராய்டாக இருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மிச்சமிருக்கும் டப்பாவை அப்படியே பையில் போட்டு எடுத்துக்கொண்டு, இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். திட்டுவார், பரவாயில்லை, டப்பாவைக் காட்டுங்கள்.